ஏற்றத்தில் கொதிக்கிற கார்

மனைவியை நான் பார்த்து, பேசி, விரும்பிக் கட்டினேன். சகலன் கூடவே வந்தார். அவரை யாரும் எனக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

ஒஸ்லோவில் எல்லோரும் அவரைக் கொம்பனிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கென்று ஒரு கொம்பனியும் இருந்ததில்லை. ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னர் அமெரிக்காவில் யாரோ தொடங்கி, சில வருடங்களில் இழுத்து மூடிய ஒரு கார்க் கொம்பனியின் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தக் கொம்பனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பெயரே புளித்துவிட்டது.

பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, எங்கே போனாலும் அந்தக் கார் அவருக்கு முன்னால் வந்து நிற்கும். ஸ்டோவ்னரில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தோம். தகப்பனை இழந்த பொடியன் கண் வீங்கிப் போய் ஒரு கதிரையில் இருந்தான். இவர் அவன் தோளில் கையை வைத்தார். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"அப்பா ஊரிலை என்ன கார் வைச்சிருந்தவர், தம்பி?" என்று கேட்டார்.

பிறகு என்ன, தேத்தண்ணி வரும் வரையும் அமெரிக்காதான். பிரேதம் எடுக்கும் நாளைப் பற்றிக் கதைக்க வந்தவர்கள் ஒரு மூலையில் நின்று இரகசியம் பேசுவது போலக் கதைத்தார்கள்.

நன்றாகத்தான் சொல்வார். என் எரிச்சலில் பாதி அதனால் வந்தது. முன்னுக்குச் சரிந்து இருப்பார், இரண்டு கையாலும் காற்றில் ஒரு ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொள்வார், குரலைத் தாழ்த்துவார்.

"அடுப்புச் செய்த ரெண்டு சகோதரங்கள். இரும்பு அவங்களுக்கு மா மாதிரி. ஊர் முழுக்கக் குதிரைவண்டி ஓடேக்கை, இனிக் குதிரை தேவையில்லை எண்டு சொன்ன ஆக்கள். மற்றவன் எல்லாம் எஞ்சினைக் குளிர வைக்கிறதுக்குத் தண்ணிப் பம்ப் பூட்டினான். இவங்கள் பூட்டேல்லை. ஏன்? சுடுதண்ணி தானா மேலை போகும், ஆறின தண்ணி தானாக் கீழை வரும். இயற்கையின்ரை வேலையை ஏன் பம்ப் செய்யவேணும்?"

அவர்களுடைய பட்டறைக்கென்றே தனி ரயில் பாதை போட்டது வரைக்கும் வருவார். பித்தளை விளக்கு, தோல் ஆசனம், பெரிய பெரிய ஆட்கள் வரிசையில் நின்று வாங்கியது எல்லாம் வரும். அதோடு பின்னால் சாய்ந்துவிடுவார். கதை முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாராவது ஒரு அப்பாவி, "பிறகு?" என்பான்.

"பிறகென்ன, பொறாமை."

அந்த ஒரு சொல்லோடு கொம்பனியை மூடிவிடுவார். யாருக்கு யார் மேல் பொறாமை, அடுப்புச் செய்தவர்கள் திரும்ப அடுப்புச் செய்யப் போனார்களா, ஒன்றும் சொல்லமாட்டார். நான் அவரை அறிந்த காலம் முழுவதும் அந்தச் சரித்திரத்துக்கு முடிவு இருந்ததில்லை.

இந்தக் காரில் அவருக்கு என்ன அக்கறை என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை இருந்தது. யாழ்ப்பாணத்தில் கோர்ட்டில் வாதாடும் ஒரு பெரிய அப்புக்காத்தரிடம் அந்தக் கார் ஒன்று நின்றதாம், அவருடைய அப்பப்பா அதற்குச் சாரதியாம். நான் கலியாணம் கட்டிய புதிதில் அப்பப்பா சாரதியாகத்தான் இருந்தார். அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அப்பப்பா காரில் பாதிப் பங்காளி ஆகிவிட்டார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது அவர் இலங்கை முழுவதற்கும் அந்தக் கொம்பனியின் ஏஜெண்ட். செத்துப்போன ஒரு மனிதர் இவ்வளவு வேகமாக முன்னேறியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவருக்குக் கார் ஓடத் தெரியாது. நோர்வேயில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமானால் வழுக்குகிற தரையில் ஓடிக் காட்டும் பயிற்சி ஒன்று உண்டு. அங்கே என்ன நடந்ததோ, பாதியில் இறங்கி வந்துவிட்டார். படிப்பித்தவனுக்குப் பொறாமை என்றார். அதன் பிறகு ஒஸ்லோவில் அவருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் என் டொயோட்டாதான். பக்கத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார். "இந்த ஜப்பான்காரனுக்கு ஆத்மா இல்லை, தம்பி," என்பார். அந்த ஆத்மா இல்லாத வண்டிதான் அவரைப் பல்வைத்தியரிடம் கொண்டுபோனது, பிறந்த கையோடு அவருடைய மகளைப் பிரசவ விடுதியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

தொழில் செய்யும் ஆசையும் இருந்தது. குறொன்லாண்ட்டில் ஒரு நிலக்கீழ் அறையை எடுத்து வீடியோ கசெற் கடை போட்டார். ஊரெல்லாம் டிவிடிக்கு மாறிக்கொண்டிருந்த வருடம் அது. கடைக்கு அந்த அமெரிக்கக் கொம்பனியின் பெயரையே வைத்தார். நோர்வேக்காரர்கள் கார்ச் சாமான் விற்கிற கடை என்று நினைத்து உள்ளே வந்து, சுவர் நிறையத் தமிழ்ப் படங்களைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போனார்கள். அடுத்து உறைய வைத்த புட்டு. அதற்கும் அதே பெயர். அடுத்து ஒரு பத்திரிகை. அதன் முதல் இதழில் முதல் பக்கக் கட்டுரை எது என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது இதழ் வரவில்லை. ஒவ்வொன்றும் மூடும்போது அவர் முகத்தில் கவலை இராது. ஒருவிதமான பெருமை இருக்கும். அமெரிக்காவில் அந்தச் சகோதரர்களுக்கு நடந்ததே தனக்கும் நடக்கிறது என்பது போல.

இதையெல்லாம் தாங்கியவர் அக்கா. என் மனைவியின் அக்கா, ஆனால் நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். முதியோர் இல்லத்தில் வேலை. விடியப் போய், அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, வீட்டுக்கு வந்து இங்கேயும் சமைப்பார். வருகிறவர்களுக்குச் சகலன் சரித்திரம் சொல்வார், அக்கா தேத்தண்ணி கொடுப்பார். கதை நடுவில் அக்கா ஒரு சொல்லும் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தபோது, அக்கா வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டார். நானும் என் மனைவியும் அப்போது அங்கே இருந்தோம்.

"மாப்பிள்ளையைக் கூட்டிவரத் தோழனா எங்கடை மகன் போகட்டும். அதுதானே முறை. நீங்கள் மண்டபத்திலை என்னோடை நில்லுங்கோ. தாரை வார்க்கேக்கை ரெண்டு பேரும் நிக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம் எனக்கு."

எங்கள் ஆட்களின் கலியாணத்தில் தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய நேரம் அது ஒன்றுதான். தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைப்பார், தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பார். இருவரும் தம்பதியாக நின்று செய்ய வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவரும் செய்ய முடியாது. அக்கா அதற்கென்று ஒரு வெள்ளிச் செம்பு வாங்கி, பட்டுத் துணியில் சுற்றி, அலுமாரியில் வைத்திருந்தார்.

"அதுக்கென்ன, நிக்கிறன்," என்றார் அவர்.

அடுத்த மாதமே அந்தக் கார் ஒன்று நோர்வேயில் இருப்பதாக எங்கிருந்தோ அறிந்துவிட்டார். மியோசா ஏரிக்கரைப் பக்கம் ஒரு பண்ணை. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன உறவினர் ஒருவர் திரும்பி வரும்போது கப்பலில் ஏற்றிவந்ததாம். இவரை அங்கே கொண்டுபோனதும் என் டொயோட்டாதான்.

பண்ணைக்காரக் கிழவர் களஞ்சியக் கதவைத் திறந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், வடிவான கார். பித்தளை எல்லாம் மினுங்கியது. என் சகலன் கிட்டப் போகாமல் வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. வாயைத் திறந்ததும் பாவம் போய்விட்டது. அரை மணித்தியாலம் கிழவருக்கே அவருடைய காரின் சரித்திரத்தைச் சொன்னார், தன் உடைந்த நோர்வேஜிய மொழியில், ரயில் பாதை வரைக்கும்.

கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னார். அங்கேதான் நான் முதன்முதலாக அந்தக் கொம்பனியின் முடிவைக் கேட்டேன்.

"நல்ல கார்தான். சமதரையில் ஓடும். ஏற்றத்தில் கொதிக்கும். பம்ப் இல்லையே. வாங்கியவர்கள் எல்லோரும் அந்தச் சகோதரர்களிடம் பம்ப் பூட்டச் சொல்லிக் கேட்டார்கள். தேவையில்லை என்றார்கள். கடைசி வரை தேவையில்லை என்றே சொல்லிக் கொம்பனியை மூடினார்கள்." பிறகு ரேடியேற்றரின் முகத்தைத் தட்டிக் காட்டினார். "இதில் காற்றுப் படவேண்டும். கலியாணத்துக்குத் தருகிறேன், நானே ஓடுகிறேன். ஆனால் இதை மட்டும் எதைக் கொண்டும் மறைக்காதீர்கள்."

"யா, யா," என்று தலையாட்டினார் சகலன்.

திரும்பி வரும்போது, "கேட்டனீங்களோ தம்பி, நல்ல கார் எண்டுறான்," என்றார்.

"ஏத்தத்திலை கொதிக்கும் எண்டும் சொன்னவர், அண்ணை."

"கிழவனுக்கு ஓடத் தெரியாது," என்றார் லைசென்ஸ் இல்லாதவர்.

கலியாண நாள் நல்ல வெயில். மாப்பிள்ளையின் வீடு ட்வெய்ட்டாவில், தொடர்மாடியில். மண்டபம் பள்ளத்தாக்கின் மறுபக்கம், ஸ்டோவ்னர் மேட்டில். இறங்கி, பிறகு நீளமாக ஏற வேண்டும். மண்டபத்தில் நிற்க வேண்டிய பெண்ணின் தகப்பன் விடியவே ட்வெய்ட்டாவில் காருக்குப் பக்கத்தில் நின்றார். அக்காவிடம், "கூட்டிக்கொண்டு உடனை வந்திடுவன்," என்றாராம்.

கிழவரை எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் உள்ளே இழுத்துக்கொண்டுபோய்ப் பலகாரத்தட்டுக்கு முன்னால் இருத்தினார்கள். அந்த நேரத்தில் கார் சோடிக்கப்பட்டது. என் கை மொத்தத்தில் செவ்வந்தி மாலை, அதைச் சகலன் மூன்று மடிப்பாக ரேடியேற்றரின் முகத்தில் கட்டுவித்தார். மிச்ச இடைவெளியில் மாவிலை. பித்தளையே தெரியவில்லை.

"அண்ணை, கிழவர் சொன்னது..."

"கலியாணக் கார் மொட்டையாப் போறதோ, தம்பி?"

கிழவர் வாயில் பயத்தம் பணியாரத்தோடு வெளியே வந்தார், பார்த்தார், முகம் கறுத்தது. இவர் அவரை ஒரு பக்கம் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். கிழவர் ஏறி இருந்தார். என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முன்னால் கிழவரும் இவரும். பின்னால் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் தோழனாக இவருடைய மகன். அடுத்ததாக என் டொயோட்டா, அதில் நானும் மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளும். அதற்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டாரின் கார்கள். வாழைப்பழச் சீப்பு முன் ஆசனத்தில் பெல்ற் போட்டு இருந்தது. பள்ளத்தாக்குக்கு இறங்கும் வரைக்கும் இராசா ஊர்வலம்தான். தெருவில் போன சனம் நின்று கைகாட்டியது. இவர் ரப்பர் ஹோர்னை அமுக்கி அமுக்கி எல்லோருக்கும் தலையாட்டினார்.

ஏற்றத்தில் பாதி வழி. முதலில் மாலைக்குள்ளிருந்து மெல்லிய ஆவி. பிறகு புட்டுப்பானை மூடியைத் திறந்தது போல ஒரேயடியாக. கார் இருமியது, நின்றது. அவிந்த செவ்வந்தியின் மணம் என் கார்க் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

நான் இறங்கி ஓடினேன். கிழவர் கோபத்தில் சிவந்திருந்தார்.

"மாலையை அடிவாரத்தில் கழற்றுவோம் என்றேன். மணமகன் மண்டபம் சேரும் முன்னர் மாலையைக் கழற்றினால் பெண் விதவையாவாள், அது உங்கள் சமயம் என்றார். சமயம் என்றால் நான் என்ன சொல்ல?"

அப்படி ஒரு சமயத்தை நான் கேள்விப்பட்டதேயில்லை. நின்ற இடத்தில் ஒரு வழக்கத்தை உண்டாக்கி, அதுவும் தன் மகளின் தாலியை வைத்து, ஒரு நல்ல மனிதரின் வாயை அடைத்திருக்கிறார். அந்த இடத்தில் அவருடைய சட்டையைப் பிடிக்கக் கை உன்னியது. மாப்பிள்ளையின் தகப்பன் பின்னால் நின்றபடியால் விட்டேன்.

முகூர்த்தம் மத்தியானத்தோடு முடிகிறது. எங்களுக்குப் பின்னால் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மாறி ஏறினால் சரி, மண்டபம் கிட்டத்தான். ஆனால் இவர் ரோட்டோரத்தில் நின்று மாப்பிள்ளையின் ஆட்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"இது பழுதில்லை. ஆறவேணும். சுடுதண்ணி தானா மேலை போகும், ஆறின தண்ணி தானாக் கீழை வரும்..."

"மாமா," என்றான் மாப்பிள்ளை. ஒஸ்லோவில் பிறந்த பொடியன், அமைதியானவன். தலைப்பாகை ஆவியில் நனைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "நான் சித்தப்பாவின்ரை காரிலை போறன். டெ கோர் ப்ரா, ஒண்டும் பிரச்சினை இல்லை. அங்கை அவ பாத்துக்கொண்டு நிப்பா."

"மாப்பிள்ளை இடையிலை இறங்கப்படாது!"

இரண்டாவது புதிய வழக்கம். பொடியன் அதைக் கேட்காதவன் போல வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான், வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தான். தோழனும் பின்னால் ஏறினான்.

நான் திரும்பிப் போய், "அண்ணை, நீங்களும் ஏறுங்கோ. தாரை வார்க்க நீங்கள் வேணும்," என்றேன்.

"நீங்கள் போங்கோ. இதை ரோட்டிலை விட்டிட்டு எப்பிடி வாறது?"

"கிழவர் நிக்கிறார்தானே. அவருடைய கார்."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"அண்ணை, அக்கா அங்கை செம்போடை நிக்கிறா."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "ஐயரை மந்திரத்தைக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லச் சொல்லுங்கோ. இந்தா வந்திட்டன்," என்றார்.

ஐயர் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் சொன்னார். சொன்ன மந்திரத்தையே திரும்பச் சொன்னார் என்று நினைக்கிறேன். அக்கா பட்டுச் சேலையில், செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். மூன்று தரம் தொலைபேசி எடுத்தோம். மூன்று தரமும் "இந்தா வந்திட்டன்."

கடைசியில் ஐயர் மெல்லக் குனிந்து, "அம்மா, நேரம் போகுது. தம்பதியா ஆரும் வாங்கோ," என்றார்.

அக்கா மகளைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ," என்றார். செம்பைத் தங்கையின் கையில் கொடுத்தார். அப்படியே பின்னால் நடந்து, வீடியோவின் வெளிச்சம் படாத இடத்தில் போய் நின்றுகொண்டார். அவருடைய இரண்டு கையும் இன்னும் செம்பைப் பிடித்தது போலவே இருந்தன.

நான் அந்தப் பிள்ளையின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். என் மனைவி தண்ணீர் வார்த்தாள், அழுதுகொண்டு வார்த்தாள். வாங்கியது அக்கா, மினுக்கியது அக்கா, வார்த்தது வேறு ஆள். அந்த மனிதரை நான் அன்றைக்கு வெறுத்தேன். இப்போதும் அதில் குறைவில்லை.

தாலி கட்டி அறுகரிசி போடும் நேரத்தில் வெளியே ஹோர்ன் கேட்டது. விடாமல் கேட்டது. சனத்தில் பாதி கமெராவோடு வெளியே ஓடியது. நானும் போனேன். பின் ஆசனம் வெறுமையாக, மாலை இல்லாமல், அந்தக் கார் மண்டபத்து வாசலில் வந்து நின்றது. இவர் முன் ஆசனத்தில் எழுந்து நின்றுகொண்டு கையை உயர்த்தினார்.

"ஏறிட்டுது! பாத்தியளோ, ஏறிட்டுது!"

"அண்ணை, தாலி கட்டியாச்சு," என்றேன்.

"நல்லது, நல்லது. தம்பி, இதோடை என்னை ஒரு படம் எடுங்கோ."

அந்தப் படம் அவர் வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்கியது. அதன் பிறகு சரித்திரம் ரயில் பாதையோடு நிற்கவில்லை. நேரே ஒஸ்லோவுக்கு வந்தது. நூறு வருடம் கழித்து, தன் மாப்பிள்ளை அந்தக் காரில் ஊர்வலம் வந்ததோடு முடிந்தது. கொதித்தது வரவில்லை. என் டொயோட்டாவும் வரவில்லை. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவார்.

அடுத்த வருடம் மகளும் மருமகனும் ட்வெய்ட்டாவில் தனியாக வீடு வாங்கினார்கள். பால் காய்ச்சும் நாளன்று எல்லோரும் போனோம். சுவரில் ஒரே ஒரு கலியாணப் படம். நானும் என் மனைவியும் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறோம், செம்பிலிருந்து தண்ணீர் விழுகிறது, பிள்ளை தலை குனிந்திருக்கிறாள். அந்த நேரத்துப் படம் வேறு இல்லை, அதைத்தான் மாட்ட முடியும். எனக்கு அதற்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

என் சகலன் அதற்கு முன்னால் போய் நின்றார். கனநேரம் நின்றார். மருமகன் குடிக்கக் கொடுத்த கிளாஸ் கையில் அப்படியே இருந்தது. மகள் குசினி வாசலில் வந்து நின்று அவரையே பார்த்தாள். அக்காவும் பக்கத்தில் போய் நின்றார். இப்போதாவது ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அந்த அறையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"வடிவா வந்திருக்கு," என்றார். "ஆனால் படத்திலை கார் விழேல்லை."

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்," என்றார். "நாங்களும் விழேல்லை."